காற்று உலவும் இல்லம்

மேலநீலிதநல்லூர் சங்கரன்கோவில் வட்டத்தைச் சார்ந்ததோர் ஊர். 2019ஆம் ஆண்டு தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, அதுகாறும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூரும் அதனுள் அடங்கியது. கரிசலும் செம்மண்ணும் அடுத்தடுத்துக் கிடக்கும் மானாவாரி நிலம் அது. எங்கு நோக்கினும் பனைமரம் நிற்கும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து நின்றாலும், தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியைத் தன் மறுபுறத்திலேயே அது வாங்கிக்கொள்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடித் திங்களில் இப்பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் காற்றே. அக்காற்றை நம்பியே இவ்வட்டாரத்தில் காற்றாலைகள் பல நிறுவப்பட்டுள்ளன. மழைக்கு ஐப்பசியும் கார்த்திகையும் வரவேண்டும். அதுவரை வானம் வெறுமையாகவும், வெயில் முழுமையாகவும் இருக்கும்.

இத்தகைய நிலத்தில் உழைத்து வாழும் ஒருவர் வீடு கட்ட முற்படுகிறார் என்று கொள்வோம். பல்லாண்டுச் சேமிப்பு ஒருபுறம், நகையை ஈடு வைத்துப் பெற்ற கடன் ஒருபுறம். நான்கு சுவர், மேலே ஒரு கான்கிரீட்டுத் தளம், சுவருக்கு இரண்டு சன்னல் என்ற அளவில் வீடு எழுகிறது. உறவினர் கூடிப் பால் காய்ச்சிக் குடி புகுகின்றனர். அடுத்த சித்திரை வருகிறது. பகல் முழுதும் தளத்தின் மீது காய்ந்த வெயில், அக்கான்கிரீட்டினுள் மெல்ல மெல்ல இறங்கி, பொழுது சாயும் வேளையில் உள்ளறையை அடைகிறது. வெளியே காற்றுக் குளிரத் தொடங்கும் நேரத்தில் வீட்டின் உள்ளே கூரை அடுப்பைப் போல் அனல் வீசுகிறது. மின்விசிறி சுழன்றாலும் அந்த வெங்காற்றையே திரும்பத் திரும்ப வீசுகிறது. குழந்தை உறங்காது அழுகிறது. முதியவருக்கு மூச்சுத் திணறுகிறது. முடிவில் அக்குடும்பத்தார் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து படுக்கின்றனர். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே, அக்கடனால் கட்டிய வீட்டுக்குள் உறங்க இயலாமல் போவது எத்தகைய துன்பம்! இத்துன்பம் ஓர் ஊருக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியதன்று. தென்னாட்டின் வறண்ட ஊர்கள் பலவற்றில் இதனைக் காணலாம்.

முன்னாளில் இப்பகுதியில் வீடுகள் எவ்வாறு அமைந்திருந்தன? தெருவை ஒட்டித் திண்ணை. திண்ணையைக் கடந்தால் நடை. அதனை அடுத்து மக்கள் இருக்கவும் படுக்கவும் உரிய பட்டாசாலை. செல்வர் வீடாயின் நடுவே வானம் பார்த்த முற்றமும் அதனைச் சூழத் தாழ்வாரமும் இருக்கும். பின்புறம் அடுக்களை, அங்கணம், புறவாசல், தொழுவம் என முறையே நீளும். சுவர் மிதித்துப் பிசைந்த மண்ணால் ஒன்றரை அடிக்குக் குறையாத கனத்தில் எழுப்பப்படும். கூரைக்குப் பனங்கைகளும் பனையோலையும், வசதி உள்ளவருக்கு ஓடும் உதவின. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஓலையோ வெப்பத்தைத் தன்னுள் தேக்கி வைப்பதே இல்லை. முற்றத்தில் இரவெல்லாம் குளிர்ந்த காற்று இறங்கித் தங்கும். பகலில் சூடேறிய காற்று அவ்வழியே மேலெழுந்து போகும். மழை பெய்தால் தாழ்வாரத்து விளிம்பில் அண்டாவை வைத்து நீர் பிடிப்பர். அங்கணத்து நீர் புறவாசலில் நிற்கும் வாழைக்கும் முருங்கைக்கும் பாயும். வீட்டுக்குள் இயற்கை வந்துபோவதற்குத் தனியே ஒரு வழி அமைக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

இவ்வாறு கூறுவதால் பழைய வீடு குறையற்றது என்று கருதிவிடலாகாது. ஓலைக் கூரையை ஆண்டு சிலவற்றுக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டும். கோடையில் ஒரு தீப்பொறி பறந்து வந்தால் ஒரு தெருவே சாம்பலாகும். மண்சுவரில் கறையான் ஏறும். பெருமழையில் அடி கரைந்து சுவர் சரியும். அடுக்களையில் புகை சூழ்ந்து பெண்மக்களின் கண்ணைக் கெடுக்கும். முற்றமும் பட்டாசாலையும் எல்லார்க்கும் வாய்த்தவையும் அல்ல. ஏழையின் குடிசை குனிந்து நுழையும் ஒற்றை அறையே ஆகும்.

இங்கு மற்றொன்றையும் கருத வேண்டும். மக்கள் மண்ணையும் ஓலையையும் விட்டுக் காரை வீட்டை விரும்புவது வெறும் ஆடம்பரம் என்று சிலர் இகழ்ந்து பேசுவர். அப்பேச்சு வரலாறு அறியாதார் பேச்சு. மலைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூர் அரசில், 19ஆம் நூற்றாண்டிலும் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர் தம் வீட்டுக்கு ஓடு வேயலாகாது, மாடி எழுப்பலாகாது என்ற தடைகள் இருந்தன. செங்கோட்டையும் அந்நாளில் அவ்வரசின் பகுதியே. கையில் பொருள் இருந்தும் ஓலைக்கு அடியிலேயே வாழ வேண்டும் என்று பணிக்கப்பட்டவரின் வழித்தோன்றல்கள், இன்று தம் தலைக்குமேல் ஓர் உறுதியான தளம் வேண்டும் என்று விழைவதில் தவறு என்ன? ஆதலின் அவர்களிடம் சென்று, ‘நீங்கள் மண் குடிசைக்கே திரும்புங்கள்’ என்று கூறுவது அறமாகாது. உறுதியும் மதிப்பும் குறையாமல், செலவு மிகாமல், காற்றும் நிழலும் உள்ள வீட்டை அவர்கள் பெறுவது எவ்வாறு என்பதே ஆராய்தற்குரியது.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழ்மொழியே முதற்கண் ஒரு குறிப்புத் தருகிறது. இன்று நாம் வழங்கும் ‘சன்னல்’ என்னும் சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அதற்கு முன்பே அதனைக் குறிக்கத் தமிழில் அழகிய சொற்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ‘காலதர்’. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர் ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் இச்சொல் வழங்குகிறது. மற்றொன்று ‘பலகணி’, பல கண்களை உடையது என்பது அதன் பொருள். வெளியே பார்ப்பதற்கு அமைத்தது என்றோ, வீட்டுக்கு அழகு தருவது என்றோ நம் முன்னோர் அதற்குப் பெயரிடவில்லை. காற்று வருதலையும், ஒரே பெருந்துளையாக அன்றிப் பல சிறு துளைகளாக அமைதலையும் கருதியே பெயரிட்டனர். கண்ணாடிக் கதவை எந்நேரமும் அடைத்து வைத்துள்ள சன்னலைக் காலதர் என்று அழைத்தால் அச்சொல்லே நாணும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை ஒன்றை அமைத்த முறையைக் கூறுகிறார். மனை நூல் வல்லவர் இரண்டு கோல்களை நட்டு, நண்பகலில் அவற்றின் நிழல் எப்பக்கமும் சாயாத வேளையைப் பார்த்துத் திசையை வரையறுத்துக் கயிறு பிடித்தனராம். அது சித்திரைத் திங்கள் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரைப்பார். அதே பாட்டில் வேறோர் இடத்தில், கோடையில் தென்றலை உள்ளே விடுவதற்கென்று அமைந்த காலதரை வாடைக் காலத்தில் கதவடைத்துத் தாழிட்டு வைத்த செய்தியும் வருகிறது. வீடு கட்டுமுன் வெயிலையும் காற்றையும் அளந்து பார்த்தனர் என்பது இவற்றால் விளங்கும். அரசனது மாளிகைக்கு அக்கணக்குப் பயன்பட்டது. ஏழையின் வீட்டுக்கு அது இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அரசனுக்குக் குளிர்ச்சி வேண்டின் விசிறி வீச ஆள் இருந்தனர் அல்லரோ?

அக்கணக்கை மேலநீலிதநல்லூருக்கே போட்டுப் பார்க்கலாம். இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 9 பாகை வடக்கே உள்ளது. சித்திரைத் தொடக்கத்தில் ஒரு நாள் நண்பகலில் இங்கு ஒரு கோலை நட்டால் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆவணியில் மீண்டும் ஒரு நாள் அவ்வாறு ஆகும். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகற் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே செல்லும்; மார்கழியில் நன்கு தெற்கே சாய்ந்திருக்கும். இதனால் அறியப்படுவன யாவை? கோடையில் வெயிலின் முழுக் கடுமையையும் தாங்குவது கூரை. அதற்கு அடுத்தபடி துன்புறுவன காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும். அவற்றுள்ளும் மேற்குச் சுவரே கொடியது. காற்றெல்லாம் சூடேறிய பிற்பகலில் அதன்மேல் வெயில் சாய்ந்து விழுகிறது. வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் கூரையை இரண்டடி வெளியே நீட்டினாலே போதும், நிழல் கிடைத்துவிடும். ஆகவே வீட்டின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்க, குறுஞ்சுவர்கள் கிழக்கும் மேற்கும் நோக்க அமைப்பது முறை. இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. கயிறு பிடிக்கும் அன்று சற்று எண்ணிப் பார்த்தால் போதும்.

செலவைக் குறைப்பதும் இயற்கையை வீட்டுக்குள் வரவிடுவதும் இரு வேறு நோக்கங்கள் என்றே பலரும் எண்ணுவர். அவை இரண்டும் ஒன்றே என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் கட்டிக் காட்டியவர் ஒருவர், இவ்வூரிலிருந்து மலையைக் கடந்து சென்றால் அடையத்தக்க திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். அவர் இலாரி பேக்கர் என்பவர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை பயின்றவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனத்தில் மருத்துவத் தொண்டு புரிந்து, தாய்நாடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தார். அப்போது காந்தியடிகளைச் சந்திக்கும் பேறு வாய்த்தது. பின்னர் 1945ஆம் ஆண்டு தொழுநோயாளர்க்கான இல்லங்கள் அமைக்கும் பணிக்காக இந்தியாவுக்கே வந்து சேர்ந்தார். மருத்துவராகிய எலிசபெத்து அம்மையாரை மணந்து, இமயத்தின் அடியில் பித்தோராகரில் பல்லாண்டு வாழ்ந்தார். அம்மலைவாழ் மக்கள் தம் கையருகே கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு குளிருக்கும் மழைக்கும் பொருந்த வீடு கட்டுவதைக் கண்டு, கல்லூரியில் கற்றவற்றுள் பலவற்றை மறந்து அவர்களிடம் புதிதாகக் கற்றார் என்பர். 1960களில் கேரளத்துக்குக் குடிபெயர்ந்து, பிறகு திருவனந்தபுரத்தில் நிலைத்துத் தங்கி, 2007ஆம் ஆண்டு மறைந்தார். 1990ஆம் ஆண்டு இந்திய அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு ‘அரிசன்’ இதழில் நல்ல சிற்றூர் எத்தகையது என்பதை எழுதினார். அங்குள்ள வீடுகளில் போதிய வெளிச்சமும் காற்றும் இருக்க வேண்டும். ஐந்து கல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே அவை கட்டப்பட வேண்டும். காய்கறி பயிரிடவும் மாடு கட்டவும் முற்றம் வேண்டும் என்பது அவர் கருத்து. ஐந்து கல் என்ற அந்த அளவே பேக்கரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. இளமையில் அதனை நடவாத காரியமாகக் கருதியவர், முதுமையில் அதுவே தம் தொழிலுக்கு உரிய நெறி என்று உணர்ந்து கூறினார்.

அவருடைய முறை யாது? ஒரு வீட்டின் செலவுக் கணக்கில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, ‘இது வேண்டுமா?’ என்று வினவுவதே அவர் முறை. நன்கு சுட்ட செங்கல்லுக்குமேல் சிமெண்டுப் பூச்சு வேண்டுமா? வேண்டாம்; செங்கல்லே அழகாக இருக்கிறது. வாயிலுக்கும் சன்னலுக்கும் மேலே கான்கிரீட்டு உத்தரம் வேண்டுமா? செங்கல்லையே வளைவாக அடுக்கினால் சுமையைத் தாங்கும். சன்னலுக்கு மரச்சட்டமும் கம்பியும் கண்ணாடியும் வேண்டுமா? ஒரு சதுர அடிச் சன்னலுக்கு ஆகும் செலவு, அவ்விடத்தில் சுவரே வைத்தால் ஆகும் செலவைப் போலப் பன்மடங்காகும். ஆகவே சுவரில் மேலும் கீழும் ஒவ்வொரு குழி அமைத்து, ஒற்றைப் பலகையை அவற்றில் முளை பொருத்தி நிறுத்தினார். தள்ளினால் திறக்கும், தள்ளினால் மூடும். சட்டமும் இல்லை, கீலும் இல்லை. வெறும் வெளிச்சமும் காற்றும் வேண்டிய இடங்களில் செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டு அடுக்கிப் பின்னற் சுவர் எழுப்பினார். நம் முன்னோர் சொன்ன பலகணி அதுவே. சன்னலின் செலவு மிச்சம். காற்று நாள் முழுதும் வரும். வெயில் உடைந்து பூவேலை போலத் தரையில் விழும். திருடனும் நுழைய இயலாது.

அவர் பரப்பிய முறைகளுள் இரண்டு தனியே விளக்கத் தக்கவை. ஒன்று எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கையாக வைத்து ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவர். எலிப்பொறிக் கட்டில் செங்கற்களை விலாப்புறமாக நிறுத்தி, வெளிப்பக்கம் ஒரு வரிசையும் உட்பக்கம் ஒரு வரிசையுமாக வைப்பர். இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். ஆங்காங்கே ஒரு செங்கல்லைக் குறுக்கே வைத்து இரு வரிசைகளையும் பிணைப்பர். மேலிருந்து பார்த்தால் எலிப்பொறி போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலந்தான். ஆனால் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. அதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேற்கு வெயிலில் காயும் வெளிச்செங்கல்லின் சூடு உட்செங்கல்லுக்குச் செல்ல வழியின்றித் தடைபடும். எதையும் வைக்காமல் விட்ட இடமே வீட்டைக் காக்கிறது என்பது வியப்பன்றோ?

மற்றொன்று ஓடு பதித்த தளம். கான்கிரீட்டு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தளத்தின்மேல் சுமை ஏறும்போது அதன் மேற்பகுதி நெருக்குண்டு அழுந்துகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. அவ்விழுவையைத் தாங்குவதற்கே எஃகுக் கம்பிகளை இடுகின்றனர். அங்ஙனமாயின், கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே நிரம்பியுள்ள கான்கிரீட்டு என்ன செய்கிறது? பெரும்பாலும் தன் எடையைத் தளத்தின்மேல் ஏற்றிக்கொண்டு சும்மா இருக்கிறது. அவ்விடங்களில் பழைய வீடுகளிலிருந்து கழித்த சீமை ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்துப் பதித்தார் பேக்கர். கான்கிரீட்டு குறைந்தது, எடை குறைந்தது, எடை குறைந்ததால் கம்பியும் குறைந்தது. இரு ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று இங்கும் வெப்பத்தைத் தடுத்தது. உறுதியான தளம் வேண்டும் என்று விழைவோர்க்கு உறுதியான தளமே கிடைத்தது. அவர்கள் தெருவில் படுக்க வேண்டிய தேவை குறைந்தது.

திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் கட்டடங்கள் 1970களில் பேக்கரால் அமைக்கப்பட்டவை. அங்கே சென்று பார்ப்பவர், பெருங்கட்டடங்களும் இதே எளிய முறைகளால் எழுந்திருப்பதைக் காணலாம். நின்ற மரங்களை வெட்டாமல், மேடு பள்ளங்களைச் சமன் செய்யாமல், அவற்றுக்கு இடம் கொடுத்துச் சுவர்கள் வளைந்து செல்கின்றன. நாலாஞ்சிறையில் அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட வீடும் பாறைச் சரிவு ஒன்றின்மீது, அப்பாறையையே துணையாகக் கொண்டு நிற்கிறது. அவரும் பொருளியல் அறிஞர் கே. என். ராஜும் கேரள முதலமைச்சராக இருந்த அச்சுத மேனனும் பிறரும் சேர்ந்து 1985ஆம் ஆண்டு ‘காஸ்ட்ஃபோர்டு’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். எளியோர்க்கு வீடு கட்டித் தருவதும், கொத்தர்களைப் பயிற்றுவதும் அதன் பணிகளாயின.

இனி, பேக்கர் கட்டிய வீட்டை அப்படியே பெயர்த்து வந்து மேலநீலிதநல்லூரில் வைத்துவிடலாமா? ஆகாது. அது பேக்கரைப் புரிந்துகொள்ளாதவர் செய்யும் செயல். திருவனந்தபுரத்தில் மழை மிகுதி. காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே அங்கே சுவரெல்லாம் பலகணியாக இருந்தாலும் நன்றே. இங்கோ ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. மேற்கிலும் தென்மேற்கிலும் பெரிய பின்னற் சுவர் வைத்தால் சோற்றுப் பானையில் மண் விழும். இவ்வூரில் காற்று வரும் பக்கம் சிறிய காலதரும், காற்று போகும் பக்கமாகிய கிழக்கிலும் வடக்கிலும் பெரிய பலகணியும் வைத்தல் வேண்டும். நுழைவாய் சிறிதாயின் காற்று விரைந்து புகும் என்பது இயற்பியல். கூரையை ஒட்டிச் சுவரின் உச்சியில் சிறு துளைகள் இருப்பின், மேலே தேங்கும் வெங்காற்று வெளியேறும். பழைய வீடுகளில் இத்துளைகள் இருந்தன; புதிய வீடுகளில் குளவி கூடு கட்டும் என்று சொல்லி அடைத்துவிட்டனர். ஒரு சாண் கம்பி வலையால் தீர்வதற்கு அவ்வளவு பெரிய தண்டனை!

நிலமும் வேறுபட்டது. கரிசல் மண் மழையில் ஊதும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றி அடித்தளம் இட்டால் சுவர் மூலைக்கு மூலை கீறிவிடும். எனவே வெடிப்புப் படாத ஆழத்துக்குக் கடைக்கால் தோண்டி மணல் நிரப்புதல் முறை. பிற செலவுகளைக் குறைக்கலாம். இச்செலவைக் குறைத்தல் கூடாது. செம்மண் கிடைக்கும் பக்கத்தாருக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. மணற்பாங்கான செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டைக் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்தினால், சூளையில் சுடாமலேயே கட்டத்தக்க மண்கல் கிடைக்கும். 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆரோவில் மண் கட்டட நிறுவனம் இக்கலையைப் பல நாட்டினர்க்கும் கற்பித்து வருகிறது. சூளைக்கு விறகு வேண்டா. வண்டிக் கூலியும் குறைவு. களிமண் மிகுந்த கரிசல் மட்டும் இதற்கு ஏற்றதன்று.

வீட்டின் அளவையும் எண்ண வேண்டும். தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி என வரையறுக்கப்பட்டது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட்டுத் தளமும், எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையும் அமைக்கலாம் என இடம் தரப்பட்டது. 360 சதுர அடியில் முற்றத்துக்கு எங்கே இடம் என்று மலைக்க வேண்டியதில்லை. அந்த 60 சதுர அடியைப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள ஓட்டுத் தாழ்வாரமாக்கி, அதில் ஒரு திண்ணை கட்டினால், அது பகலில் பிள்ளைகள் படிக்கும் இடம். மாலையில் பெரியோர் அமரும் இடம். கோடை இரவில் படுக்கும் இடம். குளியலறையையும் சாமான் அறையையும் மேற்கே தள்ளினால், மேற்கு வெயிலை ஆள் இல்லா அறைகள் ஏற்றுக்கொள்ளும். புறவாசலைச் சூழ ஆள் உயர மதில் ஒன்று எழுப்பிவிட்டால், வானம் பார்த்த முற்றம் தானே அமைந்துவிடும். உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்துக் கட்டினால், இரு வீட்டுக்கும் நடுவே ஒரே முற்றத்தை விட்டு மதிலின் செலவைப் பாதியாக்கலாம். பின்னாளில் பாகப் பிரிவினை வந்தால் என்ன செய்வது என்று கேட்பார் கேட்கட்டும்.

முன்னமே கட்டி முடித்துத் துன்புறுவோர்க்கும் வழி இல்லாமல் இல்லை. கோடை தொடங்குமுன் தளத்தின்மேல் சுண்ணாம்பை அழுத்தமாக இருமுறை பூசினால், வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆண்டுதோறும் பூச வேண்டும். ஆயினும் இதனினும் மலிவான மருந்து வேறில்லை. பொருள் உள்ளவர் சுர்க்கிச் சுண்ணாம்பின்மேல் தட்டோடு பதிக்கலாம். தளத்து மழைநீரைக் குழாய் வழியே தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடலாம். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் உண்டு. அது சென்று சேரும் குழியோ தூர்ந்து கிடக்கிறது.

முறைகளை அறிந்தால் மட்டும் போதாது. அவற்றைச் செய்யும் கையும், ஏற்கும் மனமும் வேண்டும். எலிப்பொறிக் கட்டுக்கு விளிம்பு சிதையாத நல்ல செங்கல்லும், தூக்குக்குண்டு பிசகாத கொத்தனாரும் தேவை. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் கொத்தனார், கை பழகாத வேலையை விரும்பமாட்டார். ‘இதெல்லாம் நம்மூருக்கு ஆகாது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஆகவே முதலில் மாட்டுத் தொழுவத்துக்கோ மதிலுக்கோ அம்முறையைக் கையாண்டு பழகுவது நன்று. மனத்தைப் பற்றிய செய்தி அதனினும் கடினமானது. எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் அசன் ஃபாத்தி 1940களில் பழைய குர்னா என்னும் ஊர் மக்களுக்காகப் புதிய குர்னா என்ற ஊரை மண்கல்லால் எழுப்பினார். வளைவுக் கூரைகளும் முற்றங்களும் கொண்ட அவ்வூரின் அழகை உலகம் இன்றும் போற்றுகிறது. ஆயினும் பழைய குர்னா மக்களுள் மிகப் பலர் அங்குக் குடியேற மறுத்தனர். பண்டைய கல்லறைகளை அடுத்திருந்த தம் பழைய இடத்தையும், அதனால் வந்த பிழைப்பையும் விட அவர்களுக்கு மனமில்லை. கட்டியவர் அவர்கள் நலத்தை விரும்பினார். ஊரைப் பெயர்ப்பது என்ற முடிவோ அவர்களைக் கேளாமல் அரசு எடுத்தது.

பேக்கர் வீடு கட்டக் கேட்டு வந்தவரிடம் முதலில் அவர் குடும்பத்தைப் பற்றியே விசாரிப்பார். எத்தனை பேர், யார் எங்கே உறங்குவர், என்ன தொழில், எவ்வளவு பொருள் உண்டு என்பவை தெரிந்த பின்னரே கோடு இழுப்பார். மேலநீலிதநல்லூரில் அவ்வாறு விசாரிப்பவர் அடுக்களையில் நிற்கும் அம்மையாரையும் கேட்க வேண்டும். அடுப்புப் புகை எப்பக்கம் போகிறது, பருத்தி மூட்டையும் வற்றல் மூட்டையும் எங்கே வைப்பது, ஆட்டுக்குட்டி மழையில் எங்கே ஒதுங்கும் என்பவை அவர்க்கே தெரியும்.

இறுதியாக மரத்தைப் பற்றி ஒரு சொல். வீடு கட்டி முடித்த பிறகு மரம் வைப்பதே எங்கும் வழக்கமாக இருக்கிறது. கடைக்கால் தோண்டும் நாளிலேயே மேற்குப் புறத்தில் இரண்டு வேப்பங்கன்றுகளையோ புங்கங்கன்றுகளையோ நட்டுவிடுவது நல்லது. கட்டட வேலைக்கென்று கொண்டுவரும் நீரில் நாளும் ஒரு குடம் அவற்றுக்கும் போகும். கரிசல் நிலமாயின் சுவரிலிருந்து இருபது அடியேனும் தள்ளி நட வேண்டும். அருகே நட்டால் வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, அடித்தளம் அசையும். முதல் மூன்று கோடைகளில் முள் வேலி கட்டி ஆட்டிடமிருந்து காத்துவிட்டால் பிறகு வேம்புக்குத் துணை வேண்டா. வீட்டுக் கடனின் கடைசித் தவணை கட்டி முடியும் ஆண்டில் அதன் நிழல் மேற்குச் சுவரில் பாதியை மூடியிருக்கும்.